திருகோணமலையில் பழைய ஆலைகளைப் படம் எடுப்பது எப்படி?

கேள்வி: உப்புவெளியில் இருக்கிறேன். கையில் ஒரு சாதாரண டிஎஸ்எல்ஆர் கமரா, கூடவே வந்த 18-55 லென்ஸ். சீனக்குடா எண்ணெய்க் குதங்கள், கந்தளாய் சீனித் தொழிற்சாலை மாதிரிக் கைவிடப்பட்ட இடங்களைப் படம் எடுக்க ஆசை. வெளிநாடுகளில் இப்படியான ஆலைகளைக் கலைக்கூடங்களாக மாற்றி வைத்திருக்கிறார்கள். இங்கே எங்கிருந்து தொடங்குவது? அனுமதி வேண்டுமா? புது லென்ஸ் வாங்க வேண்டுமா?

பதில்:

தம்பி, முதலில் ஒன்றைச் சொல்லிவிடுகிறேன். திருகோணமலையில் ஆளில்லாத இடம் உண்டு, உரிமையாளர் இல்லாத இடம் கிடையாது. காடு மூடியிருக்கும், கூரை உள்ளே விழுந்திருக்கும், யாருக்கும் வேண்டாத இடமாகத் தெரியும். விசாரித்துப் பார்த்தால் ஒரு கூட்டுத்தாபனத்தின் காணியாகவோ கடற்படை முகாமின் எல்லையாகவோ இருக்கும். வேலிக்கு அந்தப் பக்கம் மரநிழலில் ஒரு காவலாளி கதிரை போட்டு உட்கார்ந்திருப்பார். ஐரோப்பாவில் சுவர் ஏறிக் குதித்துப் பழைய ஆலைக்குள் போகிறவர்களின் காணொளிகளைப் பார்த்துவிட்டு இங்கே அதைச் செய்யப் போனால், ஒரு பின்னேரம் முழுக்கப் பொலிஸ் நிலைய வாங்கில் இருக்க வேண்டி வரும். அதுவும் நல்லகாலம் இருந்தால்.

எண்ணெய்க் குதங்களையே எடுத்துக்கொள்ளுங்கள். பிரித்தானியர் 1920-களிலும் 30-களிலும் தங்கள் கடற்படைக்காகக் கட்டிய பெரிய இரும்புத் தாங்கிகள், மொத்தம் 101. ஒவ்வொன்றும் ஏறக்குறைய 12,000 கன மீற்றர் எண்ணெய் கொள்ளும். 1942 ஏப்ரல் 9 காலை ஜப்பானிய விமானங்கள் துறைமுகத்தையும் சீனக்குடா விமானத் தளத்தையும் தாக்கியபோது, ஒரு விமானம் ஒரு குதத்தில் வந்து மோதியது. தீயில் உருகி மடிந்த அந்த இரும்பு இன்னும் அங்கேயே கிடக்கிறது. அதே நாளில்தான் ஹேர்மிஸ் என்ற விமானந்தாங்கிக் கப்பல் மட்டக்களப்புக் கடலில் மூழ்கடிக்கப்பட்டது. பிற்காலத்தில் இன்னொரு குதமும் அழிந்துபோக, இப்போது 99. கீழ்த் தொகுதிக் குதங்கள் 2003 முதல் இந்திய அரசின் எண்ணெய் நிறுவனத்தின் இலங்கைக் கிளையான லங்கா ஐஓசியின் கையில். 2022 ஜனவரி ஒப்பந்தப்படி 14 குதங்கள் ஐஓசிக்கு, 24 பெற்றோலியக் கூட்டுத்தாபனத்துக்கு, மீதி 61 இரண்டும் சேர்ந்த கூட்டு நிறுவனத்துக்கு. 1987 இந்திய இலங்கை ஒப்பந்தத்தோடு பரிமாறிய கடிதங்களிலேயே இவற்றைத் திருத்தி இயக்குவது பற்றி எழுதியிருக்கிறது. 2025 ஏப்ரலில் ஐக்கிய அரபு அமீரகமும் உள்ளே வந்து ஒரு புரிந்துணர்வு உடன்படிக்கை ஆனது. கொடி படர்ந்து, துருப்பிடித்து நிற்கிற ஒரு குதத்துக்குப் பின்னால் மூன்று அரசாங்கங்கள் நிற்கின்றன.

இந்தக் கதையெல்லாம் எதற்கு என்று கேட்பீர்கள். படத்துக்கு இதுதான் முதல். துரு எங்கேயும் கிடைக்கும். தகரக் கொட்டில் ஒன்றின் பின்பக்கம் போனாலே அழகான துரு கிடைக்கும். ஆலையைப் படம் எடுக்கிறவன் தேட வேண்டியது வேலையின் தடம்: பொருள் எந்த வழியாக உள்ளே வந்தது, எங்கே நின்றது, யார் கையில் மாறியது, எந்த வழியாக வெளியே போனது. அந்தப் பாதை தெரிந்தால் ஓடுகிற ஆலையோ, விழுந்த ஆலையோ, ஓவியம் மாட்டின ஆலையோ, எதற்குள் போனாலும் கமராவை எங்கே வைப்பது என்று தடுமாற மாட்டீர்கள். தெரியாமல் போனால் நூறு படம் எடுத்தும் உடைந்த சுவரும் மரவேரும்தான் மிஞ்சும்.

குதங்களுக்கு எனக்குப் பிடித்த முன்மாதிரி, ஜெர்மனியின் பேர்ண்ட் பெஹர், ஹில்லா பெஹர் தம்பதி. 1959-இல் சேர்ந்து வேலை தொடங்கி, பல பத்தாண்டுகள் நீர்த்தாங்கிகள், எரிவாயுக் கலங்கள், சுரங்கக் கோபுரங்கள், ஊதுலைகள் என்று இவற்றையே எடுத்தார்கள். எப்போதும் மேகமூட்டமான நாள், நிழல் விழாத வெளிச்சம், கோணல் இல்லாத நேர்ப்பார்வை, கருப்பு வெள்ளை. பிறகு ஒரே வகையைச் சேர்ந்த ஒன்பது, பன்னிரண்டு, பதினைந்து படங்களை வரிசை வரிசையாக ஒரே சட்டத்தில் அடுக்குவார்கள். தனியாகப் பார்த்தால் சாதாரண நீர்த்தாங்கி. பக்கத்தில் பக்கத்தில் வைத்தால் ஒவ்வொன்றும் எப்படி வேறு என்று கண் தானாகத் தேடத் தொடங்கிவிடும். 1990-இல் வெனிஸ் பியனாலே என்ற, இரண்டு வருடத்துக்கு ஒருமுறை நடக்கிற கலைக் கண்காட்சியில் இவர்களுக்குப் பரிசு கொடுத்தார்கள், அதுவும் சிற்பக்கலைக்கான பரிசு!

ஒரே வயது, ஒரே வேலைக்குக் கட்டிய 99 குதங்கள் ஒரே இடத்தில் எத்தனை ஊருக்கு வாய்த்திருக்கின்றன? வெள்ளைப் பூச்சும் இலக்கமுமாக வேலை செய்கிறது ஒன்று, காட்டுக்குள் துருவேறி நிற்கிறது இன்னொன்று. இந்த இரண்டுக்கும் நடுவில் இருக்கிற வித்தியாசம் வெயிலும் மழையும் மட்டும் செய்ததில்லை. எழுபது எண்பது வருட அரசியல் செய்தது. அதை ஒரு சட்டத்தில் அடுக்கிக் காட்டினால் கட்டுரை தேவைப்படாது. நான் அறிந்தவரை இப்படி முறையாக ஒருவரும் செய்து முடிக்கவில்லை, செய்தால் பெரிய வேலை.

ஆனால் அனுமதி கிடைக்க நாளாகும். அதுவரை சும்மா இருக்க வேண்டாம். இதே முறையை வெளியில் பழகலாம். தம்பலகாமம், கிண்ணியா, கந்தளாய்ப் பக்கம் அரிசி ஆலைகளின் புகைக்கூடுகள். ஒவ்வொரு பிரதேசத்திலும் நிற்கிற நீர்த்தாங்கிகள். மீன் இறங்குகிற இடங்களுக்குப் பக்கத்து ஐஸ் தொழிற்சாலைகள், வள்ளம் திருத்துகிற கொட்டில்கள், கடைச்சல் பட்டறைகள். ஒரு வகையைத் தெரிந்தெடுத்து, ஒரே தூரம், ஒரே உயரம், ஒரே வெளிச்சம் என்று பிடித்துக்கொண்டு பத்துப் பன்னிரண்டு எடுத்துப் பாருங்கள். அரிசி ஆலைக்காரர் பெரும்பாலும் ஒரு தேநீரும் தந்து உள்ளேயும் கூட்டிப் போய்க் காட்டுவார்.

சரி, அனுமதி. முதல் வேலை, காணி யாருடையது என்று கண்டுபிடிப்பது. பிரதேச செயலகத்திலும் கிராம உத்தியோகத்தரிடமும் கேட்டால் தெரிந்துவிடும். பிறகு உரிமையாளரான கூட்டுத்தாபனத்தின் அல்லது நிறுவனத்தின் தலைமையகத்துக்கு ஒரு கடிதம், அந்த இடத்துப் பொறுப்பாளருக்கு ஒரு பிரதி. தமிழிலும் சிங்களத்திலும் எழுதுங்கள். எந்த நாள், எத்தனை பேர், என்ன கமரா, படம் எங்கே போகும், இவ்வளவும் ஒரு பக்கத்தில் அடங்க வேண்டும். அடையாள அட்டைப் பிரதி இணையுங்கள். "கலை நோக்கம்" என்று மட்டும் எழுதினால் ஒருவருக்கும் விளங்காது. "பழைய தொழிற்சாலையின் வரலாற்றைப் படங்களாக ஆவணப்படுத்துவது" என்றால் விளங்கும். எடுத்த படங்களின் பிரதியை அவர்களுக்கும் தருவதாக எழுதினால் கதவு கொஞ்சம் சீக்கிரம் திறக்கும். கடிதம் வந்தபிறகும் வாசலில் நிற்கிற காவலாளியிடம் எதை எடுக்கக் கூடாது என்று நீங்களாகவே கேளுங்கள். அவர் காட்டாத இடத்தில் கமராவைத் தூக்காதீர்கள்.

துறைமுகத்தின் ஒரு பகுதி கடற்படையிடம், சீனக்குடா விமானத் தளம் விமானப்படையிடம். படம் எடுக்கத் தடை என்று பலகை இருந்தால் அது சும்மா வைத்ததில்லை, வெளி வீதியில் நின்றாலும் அந்தப் பக்கம் லென்ஸைத் திருப்ப வேண்டாம். ட்ரோன் கனவு இருந்தால் மறந்துவிடுங்கள். சிவில் விமானப் போக்குவரத்து அதிகார சபை, பாதுகாப்பு அமைச்சு என்று ஏறி இறங்க வேண்டும், அதுவும் ஒரு விமான நிலையத்துக்குப் பக்கத்தில்.

அடுத்தது கந்தளாய். திருகோணமலையில் இருந்து கொழும்பு வீதியில் ஏறக்குறைய 40 கிலோமீற்றர். 1960-களின் தொடக்கத்தில் செக்கோஸ்லோவாக்கியாவின் உதவியோடு எழும்பிய சீனித் தொழிற்சாலை 1990-களின் தொடக்கத்தில் நின்றுபோனது. பிறகு திறக்கப் போகிறோம் என்ற செய்தி எத்தனையோ தடவை வந்துவிட்டது.

சீனி ஆலை எப்படி வேலை செய்யும் என்று படித்துவிட்டுப் போங்கள். லொறியில் வருகிற கரும்பு எடை மேடையில் ஏறும். வெட்டுக்கத்திகள் துண்டாக்க, உருளைகள் சாறு பிழியும். சக்கை கொதிகலனுக்கு எரிபொருளாகப் போகும், அதாவது கரும்பே தன்னைக் காய்ச்சிக்கொள்கிறது. சாற்றைச் சுண்ணாம்பு போட்டுத் தெளியவைத்து, வரிசையான ஆவியாக்கிகளில் வற்றவைத்து, காற்று உறிஞ்சின பாத்திரத்தில் குறைந்த சூட்டில் காய்ச்சுவார்கள். அங்கேதான் மணி கட்டும். பிறகு சுழலும் கூடையில் பாகு ஒரு பக்கம், சீனி ஒரு பக்கம். இந்த வரிசை மனதில் இருந்தால் இடிந்த கட்டடத்துக்குள்ளும் வழி தெரியும். மண்டபம் ஏன் இந்த உயரம், தரையில் ஏன் இந்த வாய்க்கால், இந்த மேடையில் நின்ற ஆள் எதைப் பார்த்துக்கொண்டு நின்றிருப்பார் என்று எல்லாம் விளங்கும். இயந்திரம் போன இடத்தில் அதன் நான்கு போல்ட்டுகள் மட்டும் சீமெந்துத் தரையில் நீட்டிக்கொண்டு நிற்கும். இயந்திரத்தைவிட அந்தப் போல்ட்டுகள் நல்ல படம்.

கட்டடத்துக்கு அனுமதி இழுபட்டாலும் மனிதர்களுக்கு இழுபடாது. வேலை செய்தவர்கள் அந்தச் சுற்றுவட்டாரத்திலேயே இருக்கிறார்கள், வயது போய்விட்டது, அவ்வளவுதான். பாகு காய்ச்சும் பகுதியில் வேலை செய்த ஒரு ஐயாவோடு கதைத்துக்கொண்டிருந்தேன். மணி எந்தப் பருமனுக்கு வந்துவிட்டது என்று எப்படித் தெரியும் என்று கேட்டதும் எழும்பி யன்னலடிக்குப் போனார். நீளமான ஒரு பித்தளைக் கோலைப் பாத்திரத்துக்குள் விட்டு இழுக்கிற மாதிரி வலது கையை இழுத்தார். வந்த பாகை இடது கையில் இருந்த கண்ணாடித் துண்டில் தடவினார். கண்ணாடியும் இல்லை, பாகும் இல்லை, ஆனால் பெருவிரலால் தடவின அளவு எவ்வளவு என்று எனக்குத் தெரிந்தது. அதை வெளிச்சத்துக்கு நேரே தூக்கிப் பிடித்து ஒரு கண்ணைச் சுருக்கிக்கொண்டு பார்த்தார். பிறகு பெருவிரலையும் சுட்டுவிரலையும் உரசி, "இன்னும் கொஞ்சம்" என்றார். லென்ஸ் 55-இல், துவாரம் எஃப் 5.6, வேகம் 125-இல் ஒரு பங்கு, யன்னல் வெளிச்சம் இடப்பக்கம். முகத்தை விட்டுவிட்டு அந்தக் கையையும் சுருங்கின கண்ணையும் மட்டும் எடுத்தேன்.

இதனால்தான் ஆளில்லாத ஆலைப் படங்கள் எனக்கு அவ்வளவாகப் பிடிப்பதில்லை. அமெரிக்காவில் டெட்ரொய்ட் நகரத்து இடிந்த கார்த் தொழிற்சாலைகளை உலகமெல்லாம் இருந்து வந்து எடுத்தார்கள். அழகான படங்கள். ஆனால் சுற்றிவர அத்தனை லட்சம் சனம் இருக்கிற ஊர் ஒரு பேய்வீடாக வெளியில் தெரிந்தது. அந்த ஊர்க்காரருக்குக் கோபம் வந்தது நியாயம்தான். எங்கள் பக்கம் ஆலை நின்றதற்கு யுத்தமும் ஒரு காரணமாக இருந்த இடங்கள் பல. காங்கேசன்துறை சீமெந்துத் தொழிற்சாலை 1990-இல் நின்றது, பரந்தன் இரசாயனத் தொழிற்சாலை அதற்கும் முதலே. அங்கே சுவரில் இருக்கிற ஓட்டைக்கு ஒரு கதை இருக்கும், அதைக் கேட்காமல் அழகான ஒளிக்கற்றை என்று எடுத்துக்கொண்டு வந்தால் ஊர்ச்சனம் என்ன நினைக்கும்?

இனி வெளிச்சம். புத்தகங்களில் படித்ததை இங்கே அப்படியே நம்ப முடியாது. ஐரோப்பிய ஆலைகளின் கூரையைப் பார்த்திருப்பீர்கள், வாள்பல் மாதிரி ஏறி இறங்கும், கண்ணாடி வடக்குப் பார்த்து இருக்கும். அந்த ஊரில் நடுப்பகல் சூரியன் எப்போதும் தெற்கில் என்பதால் வடக்குக் கண்ணாடியில் நேர்வெயில் விழாது, நாள் முழுக்க ஒரே சீரான வெளிச்சம். நாங்கள் இருப்பது வடக்கு அகலாங்கு எட்டரைப் பாகையில். ஏப்ரல் நடுப்பகுதியில் இருந்து ஓகஸ்ட் முடிவு வரைக்கும் நடுப்பகல் சூரியன் எங்களுக்கு வடக்கே நிற்கும். அந்த மாதங்களில் வடக்கு யன்னல்தான் வெயில் யன்னல், தெற்குப் பக்கம் அமைதியான வெளிச்சம். ஒரு கட்டடத்துக்குள் போவதற்கு முதல் எது வடக்கு என்று ஃபோனில் பார்த்து வைத்துக்கொள்ளுங்கள்.

இன்னொரு விசேஷம், வருடத்தில் இரண்டு தடவை சூரியன் எங்கள் உச்சிக்கு நேரே வருகிறது. ஒன்று சித்திரைப் புத்தாண்டுக்கு ஓரிரு நாள் முன்பு, மற்றது ஓகஸ்ட் கடைசி நாளை ஒட்டி. அந்த நாட்களில் மதியம் 12 மணி கழிந்து ஐந்தாறு நிமிடத்தில் கூரை ஓட்டையால் இறங்குகிற வெளிச்சம் தூண்களுக்குச் சமாந்தரமாகச் செங்குத்தாக விழும். வெளியே அந்த நேரம் நிழலே இல்லாத மொட்டை வெயில், எடுக்க ஒன்றுமில்லை. உள்ளே தூசி இருந்தால் அது வருடத்தின் சிறந்த பத்து நிமிடம். புத்தாண்டுக்கு உடுப்பு எடுக்கப் போக வேண்டிய நேரத்தில் ஆலைக்குள் நிற்கிறீர்கள் என்று வீட்டில் ஏசுவார்கள், அதற்கு நான் பொறுப்பில்லை.

பெஹர் தம்பதியின் தட்டையான வெளிச்சம் வேண்டுமென்றால் வடகீழ்ப் பருவமழைக் காலம், நவம்பர் தொடக்கம் ஜனவரி வரை, மழை விட்ட இடைவெளிகள். மழையில் நனைந்த துருவுக்கு நிறமும் ஆழம். கச்சான் வீசுகிற மாதங்களில் தூசியும் வெண்மையான வானமும்தான், அப்போது கட்டடத்துக்குள் வேலை செய்யுங்கள்.

உள்ளே எடுக்கும்போது முக்காலி கட்டாயம். ஐஎஸ்ஓ 100, துவாரம் எஃப் 8, இரண்டு செக்கன் டைமர், கமரா சுருக்காமல் சேமிக்கிற ரோ ஃபைல். யன்னலுக்கும் இருட்டு மூலைக்கும் இடையில் வெளிச்ச வித்தியாசம் கமரா தாங்குகிற அளவைத் தாண்டும். அதனால் சாதாரணம் ஒன்று, இரண்டு ஸ்டொப் கூட்டி ஒன்று, இரண்டு ஸ்டொப் குறைத்து ஒன்று எடுத்துப் பிறகு மென்மையாகச் சேர்க்கலாம் (ஒரு ஸ்டொப் என்றால் வெளிச்சம் இரட்டிப்பாவது அல்லது பாதியாவது). மென்மையாக என்பதை அழுத்திச் சொல்கிறேன். இப்படிச் சேர்க்கிற எச்டிஆர் முறையை முழுக்க முறுக்கி, துருவைத் தோடம்பழ நிறத்துக்குக் கொண்டுவந்து, நிழலே இல்லாமல் செய்கிற படங்கள் இணையத்தில் நிறைந்து கிடக்கின்றன. இருட்டு இருக்க வேண்டிய இடத்தில் இருட்டு இருக்கட்டும். தூண்களும் சுவர்களும் நேராக நிற்க வேண்டுமானால் கமராவை மேலே சரிக்காமல் மட்டமாக வையுங்கள். உயரம் அடங்காவிட்டால் பின்னால் போங்கள், இல்லாவிட்டால் மேல்மாடிக்கு ஏறி நடு உயரத்தில் இருந்து எடுங்கள்.

மேல்மாடி என்றதும் ஒரு எச்சரிக்கை. துருவேறின இரும்புப் படியிலும் தட்டிலும் உடம்புப் பாரத்தை வைக்க வேண்டாம். பழைய கூரைத்தகடுகள் பெரும்பாலும் அஸ்பெஸ்டஸ், உடைந்த தூளைக் கிளறாதீர்கள், முகக்கவசம் போடுங்கள். புல்லுக்குள் பாழுங்கிணறும் திறந்த குழியும் இருக்கும். கண்ணாடி விரியனுக்குச் சப்பாத்து, குளவிக் கூட்டுக்கு அமைதி, கந்தளாய்ப் பக்கம் யானைக்கு நேரகாலத்தோடு வெளிக்கிடுவது. எந்த மூடின தாங்கிக்குள்ளும், அது காலியாகவே இருந்தாலும், தலையை விடக்கூடாது. இரும்பு துருப்பிடிக்கும்போது காற்றில் இருக்கிற ஒட்சிசனைத்தான் எடுக்கிறது. மூடிக் கிடந்த தாங்கிக்குள் மூச்சுவிடக் காற்றில்லாமல் ஒரு நிமிடத்தில் மயங்கி விழலாம், எண்ணெய் ஆவி இருந்தால் இன்னும் மோசம். காப்பாற்றப் போகிறவரும் விழுவார். தனியே போகாதீர்கள், எங்கே போகிறீர்கள் என்று ஒருவரிடம் சொல்லிவிட்டுப் போங்கள்.

ஓடுகிற ஆலைகளையும் விட்டுவிடாதீர்கள். பிறீமா மா ஆலையும் டோக்கியோ சீமெந்து ஆலையும் சீனக்குடாப் பக்கம் நாற்பது வருடத்துக்கு மேலாக நிற்கின்றன. அனுமதி கிடைத்து உள்ளே போனால், மா ஆலையில் ஃப்ளாஷ் போடலாமா என்று கேட்காமல் போடக் கூடாது. காற்றில் மிதக்கிற கோதுமை மா ஒரு பொறி பட்டால் வெடிக்கும், அதனால் சில பகுதிகளுக்குள் கமராவே கொண்டுபோக விடமாட்டார்கள். சீமெந்து ஆலையில் லென்ஸைக் கழற்றவே வேண்டாம், கண்ணாடியில் படிந்த தூளைத் துணியால் தேய்த்தால் கீறிவிடும், முதலில் ஊதியால் ஊதுங்கள்.

வடக்கே நிலாவெளி உப்பளமும் புல்மோட்டைக் கனிய மணலும் ஒரே கரையோரம். ஒன்று கண் கூசுகிற வெள்ளை, மற்றது இல்மனைட் என்ற கனிமம் நிறைந்த கருமணல், இல்மனைட்டையும் ரூட்டைலையும் சிர்கோனையும் காந்தத்தாலும் மின்னேற்றத்தாலும் பிரித்தெடுக்கிறார்கள். கமராவுக்குள் வெளிச்சம் அளக்கிற மீற்றருக்கு இரண்டும் பிடிக்காது, எதைக் கண்டாலும் சாம்பல் ஆக்கப் பார்க்கும். உப்புக்கு ஒன்று ஒன்றரை ஸ்டொப் கூட்டுங்கள், கருமணலுக்கு ஒன்று குறையுங்கள். உப்புக்காற்றில் வேலை செய்த நாள் வீட்டுக்கு வந்ததும் கமராவை ஈரத்துணியால் துடைத்து, பிறகு உலர்ந்த துணியால் துடையுங்கள். சிலிக்கா ஜெல் போட்ட பெட்டிக்குள் வைக்காவிட்டால் இந்த ஊர் ஈரத்துக்கு லென்ஸில் பூஞ்சணம் பிடிக்கும்.

மாற்றி அமைத்த ஆலைகள் பற்றிக் கேட்டிருந்தீர்கள். லண்டனில் 1981-இல் மூடின பாங்க்சைட் மின்நிலையம் 2000-இல் டேட் மொடர்ன் அருங்காட்சியகமாகத் திறந்தது. சுழலிகள் இருந்த மண்டபத்தை அப்படியே வெறுமையாக விட்டுவைத்தார்கள், அதுதான் கெட்டித்தனம். ஜெர்மனியின் எசன் நகரில் ஸொல்ஃபெரைன் நிலக்கரிச் சுரங்கம் 1986-இல் நின்றது, 2001-இல் யுனெஸ்கோ பட்டியலில் ஏறியது. இப்போது அங்கே அருங்காட்சியகம், பனிக்காலத்தில், நிலக்கரியைக் கோக் என்ற எரிபொருளாக்கிய உலைகளுக்குப் பக்கத்தில் சறுக்கு மைதானம். பீஜிங்கில் 798 என்ற பகுதி, கிழக்கு ஜெர்மனியின் உதவியோடு 1950-களில் கட்டின மின்னணுப் பாகத் தொழிற்சாலை. வாடகை மலிவு, வெளிச்சம் நல்லது என்று 1990-களின் பிற்பகுதியில் கலைஞர்கள் வந்தார்கள். வளைவுக் கூரையில் மாவோ காலத்துச் சிவப்பு வாசகங்களை அழிக்காமல் அதன் கீழேயே படம் மாட்டினார்கள். இடம் பெயர் எடுத்ததும் வாடகை ஏறி, முதலில் வந்தவர்கள் பலர் வெளியேறினார்கள். இது அநேகமாக எல்லா ஊரிலும் நடக்கிற சங்கதி. கொச்சியில் வாசனைப் பொருளும் கயிறும் ஏற்றுமதி செய்த அஸ்பின்வோல் கிட்டங்கி 2012-இல் அந்த ஊர் பியனாலேயின் முக்கிய இடமானது.

எங்கள் நாட்டில் தேயிலை ஆலைகள்தான் நல்ல உதாரணம். ஹந்தானையில் 1925-இல் கட்டின ஆலை தேயிலை அருங்காட்சியகம். கந்தப்பளையில் ஹெதர்செட் தோட்டத்து ஆலை 1996 முதல் விடுதி. கொழுந்து வாட்டுகிற மேல்மாடிகளுக்குக் காற்றோட்டத்துக்காக வைத்த நீண்ட யன்னல் வரிசைதான் இன்று அறை யன்னல்கள். கொழும்பு கொம்பனித்தெருவில் 1983 ஜூலையில் எரிக்கப்பட்ட ரியோ தியேட்டர் கட்டடத்துக்குள் பிறகு கலைவிழாக் காட்சிகள் நடந்தன. ஆலை இல்லை என்றாலும், கரிப்பிடித்த சுவரைப் பூசாமல் விட்டால் அந்தச் சுவரே பேசும் என்பதற்கு அதைவிட நல்ல உதாரணம் எனக்குத் தெரியாது. திருகோணமலையில் அப்படி மாறின ஆலை இன்னும் இல்லை. ஒல்லாந்தர் காலத்துக் கடற்படை ஆணையாளர் வீட்டைக் கடல்சார் அருங்காட்சியகமாக்கியிருக்கிறார்கள், போய்ப் பாருங்கள், எதைப் புதிதாகப் போட்டார்கள், எதைத் தொடாமல் விட்டார்கள் என்று கவனியுங்கள். ஆனால் மறுபயன்பாடு கலைக்கூடமாகத்தான் வர வேண்டும் என்று இல்லை. பழைய கிட்டங்கிக்குள் வலை காயவிடுகிறார்கள், ஆலை முற்றத்தில் நெல் பரவுகிறார்கள், எடை மேடை நிழலில் மாடு படுக்கிறது. இந்த ஊர் தன் ஆலைகளை ஏற்கெனவே பயன்படுத்திக்கொண்டுதான் இருக்கிறது, காசு செலவழிக்காமல். அதை எடுங்கள்.

மாற்றின இடத்தை எடுக்கும்போதும் வேலையின் தடத்தையே தேடுங்கள். வெள்ளைச் சுவரையும் தொங்குவிளக்கையும் எல்லோரும் எடுப்பார்கள். தரையில் மிச்சமிருக்கிற தண்டவாளம், பாரந்தூக்கியின் கொளுக்கி, சுவரில் மங்கின பகுதி இலக்கம், அதன் பக்கத்தில் கோப்பி குடிக்கிற ஆள், இரண்டு காலமும் ஒரே சட்டத்துக்குள் வர வேண்டும்.

எடுத்த படத்துக்குக் குறிப்பு எழுதாமல் வைக்காதீர்கள். இடம், திகதி, எந்தப் பகுதி, யார் சொன்னது. இன்னும் இருபது வருடத்தில் அந்தக் கட்டடம் இருக்காது, இரும்பு எடைக்குப் போயிருக்கும். ஆட்களின் படத்தைப் பிரசுரிக்க முதல் அவர்களிடம் கேட்டு, ஒரு பிரதி அச்செடுத்துக் கையில் கொடுங்கள். போதுமான அளவு சேர்ந்தால் நூலகம் நிறுவனத்தின் ஆவணகத்துக்குக் கொடுக்கலாம், எங்கள் பகுதிப் படங்களையும் ஒலிப்பதிவுகளையும் இணையத்தில் பாதுகாக்கிறார்கள்.

கடைசியாக லென்ஸ். 18-55 தாராளம். 18 பக்கம் மண்டபத்துக்கு, 35 பக்கம் கட்டட முகப்புக்கு, 55 கைகளுக்கும் போல்ட்டுகளுக்கும். புது லென்ஸுக்கு வைத்திருக்கிற காசில் அசையாத பாரமான ஒரு முக்காலி வாங்குங்கள், பாவித்ததென்றாலும் பரவாயில்லை, கால்களின் பூட்டு இறுக்கமா என்று மட்டும் பாருங்கள். நெற்றி லாம்பு ஒன்று, நல்ல சப்பாத்து ஒன்று. மிச்சத்தைக் கந்தளாய் பஸ்ஸுக்கு வைத்துக்கொள்ளுங்கள்.